உம்மா சொன்ன பேர்

கடலுக்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள் உறங்கும் என் வாப்பாவுக்கு ஸலாம்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. நீங்கள் லீவுக்கு வரும் மாதம். நேற்று உம்மா, "இவ வாப்பா வார நேரமாச்சே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பறக்கப் பறக்கப் பாயிண்ட் சேரும் உங்கள் விமானக் கார்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதேபோல இன்னொன்றை உம்மா பேரிலும் வாங்கி வந்தீர்களே. "நான் பறந்து சேக்குற பாயிண்டுல ஒனக்கும் பங்கு உண்டுட்டி. ரெண்டு பேரும் ஏர்போர்ட்டு லவுஞ்சுல உக்காந்து வயிறு முட்டச் சாப்புடுவோம்" என்றீர்கள். தேய்ந்துவிடும் என்று அவள் அதைப் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்துப் பூட்டினாள். விமான நிலையத்தில் அவள் பார்த்ததெல்லாம் திருவனந்தபுரத்தின் வெளிக் கண்ணாடிக் கதவு மட்டும்தான். உங்களை அனுப்பிவிட்டுத் திரும்பினால் புளியறை வரும்வரை யாரிடமும் பேசமாட்டாள்.

நீங்கள் மவுத்தானதும் உங்களை வேலை பார்த்த நாட்டிலேயே அடக்கினார்கள். உங்கள் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. உங்கள் கபரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் கேட்டதில்லை.

உங்கள் கார்டு ரத்தாகிவிட்டது. ஆனால் இருவர் பேரையும் சேர்த்து நீங்கள் தொடங்கிய கணக்கில் பாயிண்டுகள் இருந்தன. ஒருவர் போய் வர டிக்கெட் எடுக்க அவை போதும். இந்த மாதத்துக்குள் உம்மாவே போனில் பேசிக் கேட்காவிட்டால் அவை போய்விடும் என்று செய்தி வந்தது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான்தான் போன் போட்டேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இலத்தூர் வரை போனவள் நான், உங்களுக்குத் தெரியாதா?

ஸ்பீக்கரில் விமானக் கம்பெனிப் பெண் ஒருத்தி பேசினாள். "கார்டு வச்சிருந்தவங்க பேர் சொல்லுங்கம்மா."

"இவ வாப்பா" என்றாள் உம்மா.

"பேரும்மா?"

"எங்க வீட்ல உள்ளவங்க."

நான் பேரைச் சொல்ல வாய் திறந்தேன். "நீங்க சொல்லக் கூடாது, அவங்கதான் சொல்லணும்" என்றாள் அந்தப் பெண்.

"ஏட்டி, ஒரு தாள்ல எழுதிக் காட்டட்டுமான்னு கேளு" என்றாள் உம்மா என்னிடம்.

"போன்ல எப்படிம்மா காட்டுவீங்க?"

நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து உம்மா உங்கள் பேரைச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறார்களா? போனை வைத்துவிடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லும்மா. வாப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாவ. நீ வரணும்னுதான் சேத்து வச்சாவ."

தலையில் முந்தானையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"காதர் மைதீன்."

"கொஞ்சம் சத்தமா, அம்மா."

"காதர் மைதீன்!"

வீடே கேட்டது. உங்களுக்கும் கேட்டதா வாப்பா? உம்மா முகம் புதுப்பெண் மாதிரிச் சிவந்துபோயிருந்தது.

டிக்கெட் வந்துவிட்டது. அங்கே வேலை பார்க்கும் மாமா வந்து அழைத்துக்கொள்வார். பெண்களைக் கபர்ஸ்தானுக்குள் விடுவார்களோ என்னவோ. "விடாட்டா என்ன? சுவருக்கு வெளிய நின்னு பேரச் சொல்லி ஸலாம் சொல்லுதேன். இப்பதான் பேரு சொல்ல வாய் வந்துட்டே" என்கிறாள்.

கண்ணாடிக் கதவு வரை நான் கூடப் போவேன். வழியில் யாரிடம் என்ன கேட்க வேண்டுமானாலும் நானே கேட்பேன். அங்கிருந்து அவள் உங்களிடம் வந்துவிடுவாள். அவள் கூப்பிடும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் சத்தமில்லாத மகள்,
பாத்திமா