வியாழக்கிழமைக்கு முன்னால் அவிழ்த்த கட்டு

சூலூர்
15.11.1996

அன்பு மகன் அருள்குமாருக்கு அப்பா எழுதுவது. சாமி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், நீ மஸ்கட்டில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் எதையாவது எழுதித் தொலைப்பேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, கோபம் அப்படியேதான் இருக்கிறது. இனிமேல் ஆறும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை, அதனால் எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கும் ரசாக் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறானாம், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூட ஒரு சின்னப் பொட்டலமும் இருக்கும். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன், முழுக்கப் படித்துவிட்டுப் பிரி.

தீபாவளி வந்தது போனது. அம்மா கச்சாயம் சுட்டாள், நான் இரண்டு தின்றேன், அவள் வாயில் வைக்கவில்லை. உன் மகள் ரித்திகாவுக்கு முதல் தீபாவளி, ஆனால் இரண்டு காலிலும் மாவுக்கட்டு இருப்பதால் தலைக்கு மட்டும் எண்ணெய் வைத்து உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். பட்டாசுச் சத்தத்துக்கு அழுவாள் என்று பார்த்தால் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு சிரிக்கிறாள். தறிச் சத்தத்திலேயே தூங்கி வளர்கிறவளுக்குப் பட்டாசெல்லாம் எந்த மூலைக்கு. மழை நல்ல மழை, நொய்யலில் தண்ணீர் போகிறது. கரண்டுதான் நினைத்த நேரத்துக்குப் போய்விடுகிறது, பாதி நாள் தறி சும்மா நிற்கிறது. சரி, இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான், விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சபையில் குடும்ப மானத்தை வாங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். உன் தங்கை பூங்கொடிக்கு வந்த நல்ல இடத்தை என் முன்கோபத்தால் கெடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். நாலு நாளைக்குக் கட்டு இல்லாவிட்டால் குடி முழுகிப் போய்விடுமா என்று வேறு கேட்டிருக்கிறாய். குடி முழுகுமா முழுகாதா என்று அந்தக் காலைப் பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். நீ பார்க்கவில்லை. உன் மனைவி சண்முகப்பிரியாவுக்கு வளைகாப்புச் சீர் முடிந்த மறுவாரம் விமானம் ஏறினவன் நீ. குழந்தை பிறந்தபோது இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கி, உள்ளங்கால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்தன. அதைப் பார்த்துவிட்டு உன் மாமியார் மயங்கி விழுந்தார்கள். டாக்டரம்மா மட்டும்தான் பதறாமல், பச்சைக் குழந்தைக் கால் இளசுங்க, வாரா வாரம் கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பி மாவுக்கட்டுப் போட்டா நேராயிரும், ஆனா ஒரு வாரங்கூட விடக்கூடாதுங்க என்று சொன்னார். அதற்காகத்தான் தாய்வீட்டில் மூன்று மாதம் இருக்க வேண்டிய பெண், காங்கேயத்திலிருந்து கோயமுத்தூருக்கு வாராவாரம் கைக்குழந்தையோடு அலைய முடியாது என்று, பத்தாம் நாளே இங்கே வந்து உட்கார்ந்தாள். இதையெல்லாம் உனக்கு அப்போதே எழுதினேன். படித்தாயா, மடித்து வைத்தாயா தெரியவில்லை.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது, தெரிந்துகொள். பழைய கட்டை ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து அறுத்தால் குழந்தை அலறும், இளந்தோலில் பட்டுவிடும் என்று, வீட்டிலேயே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துப் பிரித்துக் குளிப்பாட்டிக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை காலையில் மட்டும்தான் பிரிக்க வேண்டும், முந்தின நாளே பிரிக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள். முதல் தடவை பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டு நின்றதால் நான்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், இன்றுவரை அது என் வேலை. சண்முகப்பிரியா மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்காருவாள், காலிரண்டும் பிளாஸ்டிக் டப்பில் இருக்கும், தண்ணீர் மெல்ல மெல்லச் சுண்ணாம்புத் தண்ணீராக மாறும். கட்டுத் துணியின் நுனியை ஆஸ்பத்திரியில் கொஞ்சம் மடித்து விட்டிருப்பார்கள், அதைத் தேடிப் பிடித்துவிட்டால் சுற்றுச் சுற்றாக வந்துவிடும். கடைசியில் பஞ்சும் போய்விட்டால் கால் வெளியே வரும், வாரம் முழுக்கக் கட்டிப்போட்ட கால் இல்லையா, அவள் உதைக்கிற உதையில் டப்புத் தண்ணீர் பூராவும் என் மூஞ்சியில்தான். அந்தக் கால் ஒவ்வொரு வாரமும் ஒரு நூல் நேராகி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். உன் அம்மாவும் பக்கத்தில் நின்று பார்த்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன மாதம் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் வீட்டிலிருந்து பூங்கொடியைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது அல்லவா. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, கிணத்துக்கடவுத் தோட்டத்தில் மோட்டார் எரிந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னதால் போனேன், அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து நீ கண்ணையா கடை பூத்துக்குப் போன் செய்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னாய். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது குழந்தை காலில் கட்டு இருந்தால் வம்சத்துக் கோளாறு என்று நினைப்பார்கள், கட்டை எடுத்துவிட்டு நான் அனுப்பின சாக்ஸைப் போட்டு வையுங்கள், வியாழக்கிழமை எப்படியும் புதுக் கட்டுப் போடத்தானே போகிறார்கள், அப்படியே போட்டோவும் ஒன்று எடுத்து அனுப்புங்கள் என்று சொன்னாயாம். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு உனக்கு எவ்வளவு புத்தி பார். சண்முகப்பிரியா, வேண்டாங்கத்தை, மாமா வரட்டுங்க என்று கெஞ்சியிருக்கிறாள். உம் புருசனே சொல்லிப்போட்டான், அப்பறம் என்ன அம்மணி என்று உன் அம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள். நான் பிரிப்பதைப் பார்த்துப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டாள், அதே டப், அதே வெதுவெதுப்பான தண்ணீர், சனிக்கிழமை சாயங்காலமே காரியம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் இறங்கி வரும்போது அவர்கள் வந்து உட்கார்ந்து பலகாரம் முடிந்திருந்தது. கைகால் கழுவலாம் என்று கொல்லைப்பக்கம் போனால் துவைக்கிற கல்லுக்குக் கீழே வெள்ளையாக வண்டல் உறைந்து கிடக்கிறது. கட்டு ஊறின தண்ணீரின் வண்டல், வியாழக்கிழமைதான் அது அங்கே கிடக்க வேண்டும். உள்ளே வந்தால் மாப்பிள்ளையின் அம்மா மடியில் ரித்திகா, காலில் ரோஸ் கலர் சாக்ஸ், அதில் பூ வேறு. கட்டு எங்கடி என்று கேட்டேன். உன் அம்மா கண்ணைக் காட்டுகிறாள், அப்புறம் பேசிக்கலாமுங்க என்கிறாள். குழந்தையை வாங்கி இரண்டு சாக்ஸையும் உருவினேன். இடது கால் பழையபடி உள்ளே திரும்பத் தொடங்கியிருந்தது. ஏனுங்க, இது எங்க பேத்தி, கால் வளைஞ்சு பொறந்துது, வாரா வாரம் கட்டுப் போட்டு நேராக்கிட்டு இருக்கறோம், உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எங்க ஊட்ல கட்ட அவுத்துப்போட்டாங்க, இப்பத் தெரிஞ்சுபோச்சு, காப்பி ஆறுது குடிங்க என்று சொன்னேன். சொன்னது இவ்வளவுதான். இதற்குப் பெயர் மானத்தை வாங்குவது என்றால் வாங்கினேன். அவர்களும் மரியாதைப்பட்டவர்கள், ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, ஊட்டுக்குப் போயிச் சொல்லியனுப்பறமுங்க என்று எழுந்து போனார்கள். இன்றுவரை ஒன்றும் சொல்லியனுப்பவில்லை.

திங்கட்கிழமையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழந்தைகளுக்குக் கட்டுப் போடுகிற டாக்டரம்மா வியாழக்கிழமைதான் வருவார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்களில் நானும் உன் மனைவியும் மாறி மாறிக் கையால் பாதத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம், விட்டால் இன்னும் திரும்பிவிடுமோ என்று பயம். வியாழக்கிழமை டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, யாருங்க கட்ட எடுத்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் சண்முகப்பிரியா, நான்தானுங்க என்றாள். உன்னையும் சொல்லவில்லை, உன் அம்மாவையும் சொல்லவில்லை. டாக்டரம்மா வைத்து வாங்கிவிட்டார். விருந்தாளி வந்தா மாத்திப் போடறதுக்கு இது என்ன பட்டுச்சட்டையா, நீ படிச்ச பொண்ணுதானே, இன்னொருக்கா இப்படிப் பண்ணுனா கத்தி வெச்சு ஆபரேசன்தான், அப்பறம் எங்கிட்ட வந்து அழுகாதே என்று வரிசையில் நின்ற அத்தனை தாய்மார்களுக்கு முன்னாலும் திட்டினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். வாங்க வேண்டிய திட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். வலது கால் பரவாயில்லையாம். இடது காலில் ஒரு மாத வேலை வீணாகப் போய்விட்டது, திரும்ப முதலிலிருந்து மாதிரித்தான் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது சிங்காநல்லூர் தாண்டினதும், அவருகிட்டச் சொல்லாதீங்க மாமா, மனசு கஷ்டப்படுவாரு என்றாள். நான் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகும் சொல்லாமல் இருந்தால் நான் மனிதனில்லை.

நீ பம்ப் வேலைக்காரன். கான்கிரீட் போட்டு பம்பை நிறுத்திவிட்டு, ஈரம் காயும் முன்னால் பக்கத்துக் கம்பெனிக்காரன் பார்க்க வருகிறான் என்று போல்ட்டைக் கழற்றி எடுப்பாயா? சைட்டில் ஒருத்தன் அப்படிச் செய்தால் நீ அவனைச் சும்மா விடுவாயா? இரும்பு விஷயத்தில் உனக்குத் தெரிந்த நியாயம் பெற்ற பெண்ணின் எலும்பு விஷயத்தில் தெரியாமல் போனது எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் தங்கை வாழ்க்கை, தங்கை வாழ்க்கை என்று எழுதியிருக்கிறாயே, அந்தத் தங்கையைக் கேட்டாயா? அவர்கள் போன அன்றைக்கே அவள் என்னிடம் சொன்னாள், அந்த ஊட்டுக்குப் போயி நாளைக்கு எனக்கும் இப்படி ஒன்னு பொறந்தா அதையும் சாக்ஸ் போட்டு மூடித்தான் வெப்பாங்களாப்பா என்று. அவள் ஒருத்திக்குத்தான் இந்த வீட்டில் மூளை இருக்கிறது. ஒரு குழந்தை நடப்பதைப் பணயம் வைத்துத்தான் ஒரு கல்யாணம் நடக்க வேண்டும் என்றால் அந்தக் கல்யாணம் நடக்கவே வேண்டாம். இதை நான் மாரியம்மன் கோயில் வாசலில் நின்றும் சொல்வேன்.

உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள், பேச்சில்லை. ஆனால் நேற்று வியாழக்கிழமை நான் எழுந்து வருவதற்குள் டப்பில் தண்ணீர் தயாராக இருந்தது, முழங்கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அவள் தப்பு அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவளை நீ கடிதத்தில் ஒன்றும் கேட்க வேண்டாம். அவளுக்கு மூட்டு வலி கொஞ்சம் அதிகம், தைலம் இருந்தால் ரசாக் அடுத்த முறை வரும்போது கொடுத்தனுப்பு. நீ வெயிலில் தொப்பி இல்லாமல் சைட்டுக்குப் போகாதே, ராத்திரியில் வெறும் ரொட்டி தின்றுவிட்டுப் படுக்காதே, வாரத்துக்கு ஒருமுறையாவது எண்ணெய் தேய்த்துக் குளி. திட்டுகிறான் என்பதற்காக அப்பன் அக்கறை இல்லாதவன் என்று நினைத்துவிடாதே. பெற்றவனுக்கு வயிறு எரிவதால்தான் எழுதுகிறேன். உன் மகளுக்கும் ஒரு பெற்றவன் இருக்கிறான், அவனுக்கும் கொஞ்சம் எரிய வேண்டாமா?

தை முடியும்வரை கட்டுப் போட வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்கிறார். அதற்குள் எப்படியாவது லீவு போட்டுவிட்டு வா, ஒரு வியாழக்கிழமை முக்காலிக்கு எதிரில் நீ உட்கார்ந்து உன் கையால் ஊற வைத்துப் பிரி, உன் மூஞ்சியில் அவள் ஒரு உதை விடட்டும். நீ எப்போதும் நன்றாக இருக்க வேண்டும், அண்ணமார் சாமி உனக்குத் துணை நிற்கட்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பொட்டலத்தில் இருப்பது நீ அனுப்பின ரோஸ் சாக்ஸ். துவைத்துத்தான் வைத்திருக்கிறேன். கட்டெல்லாம் முடியும்போது அது அவளுக்குப் பத்தாது, கடையில் கொடுத்துவிட்டு ஒரு அளவு பெரியதாக மாற்றிக்கொண்டு நீயே நேரில் வந்து போட்டுவிடு. நேற்று பழைய கட்டைப் பிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் பூங்கொடி காலைப் பிடித்துக்கொள்ள, சண்முகப்பிரியா பென்சிலால் சுற்றி வரைந்தாள், அளவு இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. வலது கால் நேராக வந்திருக்கிறது. இடது கால் இன்னும் வளைந்துதான் இருக்கிறது. போட்டோ கேட்டாயே, திருப்பிப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
நஞ்சுண்டன்