கபர்ஸ்தானில் ஆறுபுள்ளி வண்டு

மயிலாப்பூர்,
ஜூலை 12.

அன்புள்ள மஹ்விஷுக்கு,

நீரஜா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே பின்லாந்தில் இப்போது இருட்டுவதே இல்லை என்றாயே, தூக்கம் வருகிறதா? எனக்குத் தூக்கம் வருகிறது, போதத்தான் மாட்டேன் என்கிறது. முந்தின நாள் முடியாமலே அடுத்த நாள் தொடங்கிவிட்ட மாதிரி எழுந்திருக்கிறேன். கத்திரி முடிந்து இவ்வளவு நாளாகியும் வெயில் குறையவில்லை. கல்லூரியில் அட்மிஷன் வேலை. என் வீட்டுக்காரர் ஸ்ரீவத்சன் புனேயிலேயே இருக்கிறார். மாற்றல் வரும் வரும் என்கிறார்.

இதைப் போனில் எழுத ஆரம்பித்துப் பலமுறை அழித்துவிட்டேன். குரல் பதிவும் செய்து பார்த்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி. நடந்துகொண்டே படிக்காதே.

முதலில் வேலை விஷயம். நகரத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, எந்தத் தரைவண்டு எங்கே இருக்கிறது என்று குறிப்போம் என்று நாம் இரண்டு பேரும் எவ்வளவு உற்சாகமாகத் தொடங்கினோம்! நீ போன பிறகு அது ஒருத்தி சுமக்கிற வேலையாகிவிட்டது. அதே பிளாஸ்டிக் டம்ளர்கள்தான். விளிம்பு தரைக்குச் சமமாக இருக்கும்படி புதைத்து, அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, மழை விழாமல் மேலே ஒரு தட்டை நிறுத்திவிட்டு வருகிறேன். ஓடுகிற வண்டு தவறி விழும். வாரம் தவறாமல் போய் வடிகட்டி எடுக்க வேண்டும். மெட்ரோவுக்காக லஸ் பக்கம் தோண்டிப் போட்டிருப்பதால் ஆட்டோக்காரர்கள் வருவதற்கே யோசிக்கிறார்கள். பாதி தூரம் நடைதான்.

அடையாற்றுக் கழிமுகத்தில் டம்ளர் நிறைய நண்டு. நொச்சிக்குப்பத்தில் மணலைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீன் விற்கிற அம்மா ஒருத்தி, “இன்னாம்மா தேடினுகீற, மோதிரத்த வுட்டுட்டியா?” என்றாள். வண்டு என்றேன். “ஊட்ல இல்லாத வண்டா?” என்று சிரித்துவிட்டு, தன் பங்குக்கு அவளும் கொஞ்ச நேரம் தேடினாள். தி. நகர் சதுரம் முழுக்கக் காலி. அங்கே டம்ளர் புதைக்க ஒரு முழம் மண் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரு பூங்காவில் மருந்தடித்திருந்தார்கள். கோபாலபுரத்தில் வெடிவண்டு கிடைத்த பழைய பங்களாவை இடித்துவிட்டார்கள். அது பீய்ச்சியடித்து என் விரலில் விழுந்த பழுப்புக் கறை போவதற்குள் வீடே போய்விட்டது. இல்லை என்பதும் ஒரு பதிவுதான் என்று நீ சொல்வாய். சரிதான். ஆனால் வெயிலில் அலைந்து திரிந்து இல்லை, இல்லை என்றே எழுதிக்கொண்டிருந்தால் அலுத்துப் போகிறது, மஹ்விஷ்.

அந்த அலுப்பிலெல்லாம் எனக்குத் தைரியம் கொடுத்தது உங்கள் கபர்ஸ்தான்தான். உன் அப்பா ரஹ்மான் அங்கிள் அங்கே செயலாளராக இருந்ததால் நமக்குச் சுலபமாக அனுமதி கிடைத்தது. முதல் நாள் நாம் டம்ளரும் மண்வெட்டியுமாகத் தயங்கி நின்றபோது, “வாங்கம்மா, இங்க உங்களை யாரும் விரட்ட மாட்டாங்க, எல்லாரும் தூங்கறாங்க” என்று சிரித்தாரே. தலைமுறை தலைமுறையாக யாரும் உழாத, மூடாத மண். நகரத்தின் நடுவில் ஆறுபுள்ளி வண்டு நமக்குக் கிடைத்தது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு வைத்துக்கொண்டு, பறக்கத் தெரியாமல், கல்லறைகளுக்கு நடுவே அது விழுந்தடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

போன மாதம் போனபோது கேட் பக்கத்தில் பேவர் பிளாக் கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். வாசலிலிருந்து நடுப்பகுதி வரை பாதை, இரண்டு பக்கமும் சிமென்ட் தளம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. பறக்கிற பூச்சியென்றால் வேறிடம் போய்ப் பிழைத்துக்கொள்ளும். இது எங்கே போகும்? சுற்றிலும் தார் ரோடு. உனக்கு மெசேஜ் அனுப்பினேன். “தம்பி ஃபராஸ்கிட்ட பேசிப் பாரேன், அப்பாவுக்குப் பதிலா கமிட்டியில இப்ப அவன்தான். எங்கிட்ட அவன் பேசறதே இல்ல” என்று பதில் போட்டாய்.

ஃபராஸ் என் போனையும் எடுக்கவில்லை. அதனால் கமிட்டித் தலைவரான வலியுல்லா பாயை, ராயப்பேட்டையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கே போய்ப் பார்த்தேன். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். சுற்றியுள்ள சதுரங்கள் எல்லாம் காலியாக இருப்பதையும் நடுவில் அந்த ஒரு புள்ளியையும் காட்டி, பாதையை வேறு பக்கம் போட முடியாதா என்று கேட்டேன். நன்றாகத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். டீ வரவழைத்தார். பிறகு, “மேடம், வண்டுக்காகக் கேக்குறீங்க, தப்பில்ல. ஆனா ரஹ்மான் பாயை அடக்கம் பண்ண அன்னிக்கு இன்னா ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

தெரியாது என்றேன். பெண்கள் யாரும் போகவில்லை. நான் உன் அம்மியோடு வீட்டில் இருந்தேன். ஃபராஸ் போனில் உனக்குக் காட்டிக்கொண்டிருந்த வீடியோ பாதியில் அறுந்துபோனது மட்டும்தான் எனக்கும் தெரியும், உன்னைப் போல.

மஹ்விஷ், வெள்ளம் வந்த அந்த டிசம்பரிலிருந்து நீ என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய், போன் கட்டான பிறகு என்ன நடந்தது என்று. ஃபராஸ் உனக்கு, டவர் போய்விட்டது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு விலகிக்கொண்டான். உன் விசா காகிதம் கைக்கு வராத நேரம், வந்திருந்தாலும் ஏர்போர்ட் மூடிக் கிடந்தது, அன்றைக்கே அடக்கம். யாராலும் வந்திருக்க முடியாது. ஆனாலும் நீ வரவில்லை என்ற கோபத்தில்தான் தம்பி பேசுவதில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வலியுல்லா பாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தண்ணி முட்டிக்கு நிக்குது மேடம். கீழ கல்லா குழியா ஒண்ணும் தெரியல. ஃபராஸ் முன்னால தோள் குடுத்துக்கினு வர்றான். இன்னொரு கையில போனைத் தூக்கிப் புடிச்சிக்கினு வர்றான், அவன் ஆபா, அதான் அவங்க அக்கா, பாக்கணும்னு. நாங்க வாங்கிக்கிறோம் குடுப்பான்னா, குடுக்கல. கேட்ல இருந்து கொஞ்ச தூரம் வந்தோம். அவன் கால் பள்ளத்துல போயிடுச்சு. ஜனாஸாப் பெட்டி அப்படியே ஒரு பக்கம் சாஞ்சிடுச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் உட்கார்ந்து கேட்டேன்.

அங்கிள் கீழே விழவில்லை, மஹ்விஷ். இதை முதலில் தெரிந்துகொள். போன்தான் தண்ணீரில் போயிற்று. ஃபராஸ் சேற்றில் மண்டியிட்டபடியே தன் தோளையும் கழுத்தையும் அண்டக் கொடுத்துப் பெட்டியைத் தாங்கிக்கொண்டான். மற்றவர்கள் வந்து பிடிக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை. கால் பக்கம் கொஞ்சம் தண்ணீரில் நனைந்தது. பக்கத்து மனையில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த வடநாட்டு ஆட்கள் சத்தம் கேட்டு, சென்ட்ரிங் பலகைகளைச் சுவர் மேலாக எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். அவற்றை வரிசையாகச் சேற்றின் மேல் போட்டுத்தான் மீதி தூரம் கொண்டுபோனார்களாம். கபரில் ஊறிய தண்ணீரைப் பெயின்ட் வாளியால் இறைத்து இறைத்து ஊற்றியிருக்கிறார்கள். துணி நனைந்துவிட்டதே என்று ஃபராஸ் அழுதபோது பள்ளிவாசல் ஹஸ்ரத், “மழைத் தண்ணிதானே தம்பி, சுத்தமானது” என்றாராம். தொழுகை, துஆ எதுவும் குறையவில்லை. எல்லோரும் கடைசி வரை இருந்து மண் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

“அந்தப் பையன் அதுக்கப்புறம் சிரிச்சு நான் பாக்கல. பாதை போடணும்னு கமிட்டியில கேட்டதே அவன்தான்” என்று முடித்தார் வலியுல்லா பாய்.

நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டேன். அதற்கு மேல் என்ன கேட்பது? அவர்தான் பாவம், “இன்னா மேடம், வேற வழி எதுனா பாக்கலாமா?” என்றார். வேண்டாம் பாய், போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் டீயைக் குடிக்காமலே வந்துவிட்டது தெரிந்தது.

இன்றைக்கு இது போதும். கை வலிக்கிறது. மீதியை ஃபராஸைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஜூலை 27.

மஹ்விஷ், பார்த்துவிட்டேன். உன் அம்மியைப் பார்க்கப் போன இடத்தில் அவனும் வந்தான். அம்மி நன்றாக இருக்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் பெயரைச் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றி, சாப்பிட்டியா நீரஜா என்கிறார். ஃபராஸ் மெலிந்திருக்கிறான். ஏ.சி. சர்வீஸுக்கு இப்போது ஆட்களை அனுப்பிவிட்டுக் கடையிலேயே இருக்கிறானாம். ஏன் என்று அவன் மாடிப்படி ஏறுவதைப் பார்த்தபோது புரிந்தது. அன்றைக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் ஒரு காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறான்.

அம்மி சமையலறைக்குப் போனதும், வலியுல்லா பாய் எல்லாம் சொன்னார் என்றேன். முதலில் கோபப்பட்டான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசினான். “என் தோள்ல இருந்துதான் அக்கா சாஞ்சுது. அப்பாவை ஒழுங்கா கொண்டுபோய் சேர்க்கக்கூட என்னால முடியல. இதை ஆபாகிட்ட எப்படிச் சொல்றது? போன் பண்ணா அதைத்தான் கேப்பா. பொய் சொன்னா கண்டுபுடிச்சிடுவா. அதான் எடுக்கறதில்ல.”

“உனக்குத் தன் மேல கோபம்னு அவ நினைச்சுக்கிட்டிருக்கா” என்றேன். அதிர்ந்துபோய்த் திரும்பினான். “எனக்கா? ஆபா மேலயா?” என்றான்.

நீ இதைப் படித்ததும் உடனே எங்கே போய் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். போனைப் பிடித்துக்கொண்டிருந்ததால்தானே, எனக்காகத்தானே என்று ஆரம்பிப்பாய். அவனிடம் அதையும் கேட்டேன். “சும்மா இருங்கக்கா. ரெண்டு கையும் இருந்திருந்தாலும் அந்தப் பள்ளத்துல விழுந்திருப்பேன்” என்றான். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவன் அப்படி நம்பப் பார்க்கிறான். நீயும் நம்பிவிடு. வேறு எதையும் நம்பி உங்கள் இருவருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற இடம் வரை வந்து, “நீங்களே எழுதிடுங்கக்கா, என் வாயால வராது” என்றான். அவன் சொல்லித்தான் இதை அனுப்புகிறேன். இல்லாவிட்டால் முதல் பாதியைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

பாதை போட்டு முடித்துவிட்டார்கள். வேலை தொடங்குவதற்கு முன் கடைசியாக டம்ளர்களை எடுக்கப் போனேன். ஓர் ஆறுபுள்ளி இருந்தது. சுவரோரமாக விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்துப் பழைய கபர்களைத் தொடக் கூடாது என்பதால் அங்கே மட்டும் மண் தரை அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு போனபோது ஒன்றையும் பார்க்கவில்லை. வரைபடத்தில் அந்தச் சதுரத்தை நிரப்பி, வருஷத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டேன். நமக்குத் தெரிந்ததை நாம் எழுதுகிறோம். நமக்குப் பிறகு வருகிறவர்கள் என்ன பார்ப்பார்களோ. தி. நகரைக் காலியாகவே விட்டிருக்கிறேன். வரைபடத்தை இந்த வாரம் ஆய்விதழுக்கு அனுப்பிவிடுவேன். இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. உன் பெயர்தான் முதலில். ஆட்சேபித்து எழுதாதே, எனக்கு இப்போது சண்டை போடத் தெம்பில்லை.

புதுப் பாதையில் நானும் நடந்து பார்த்தேன். நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். மழை வந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் வடியும். நான் போன அன்று ஒரு வயதானவர் யார் கையையும் பிடிக்காமல் உள்ளே போய் ஓதிவிட்டு வந்தார். எனக்கு வருத்தமாகவும் இருந்தது, வருத்தப்படக் கூடாது என்றும் இருந்தது.

நீ எப்போது வருவாய் என்று நான் கேட்கப் போவதில்லை. அம்மியும் கேட்க மாட்டார். ஒன்றே ஒன்று மட்டும் செய். ஃபராஸ் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை மூடிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பான். அந்த நேரம் பார்த்துக் கூப்பிடு. அந்த நாளைப் பற்றிக் கேட்காதே. முட்டிக்கு யாரிடம் காட்டுகிறாய் என்று மட்டும் கேள், அக்கா கேட்கிற மாதிரி அதட்டிக் கேள். இந்தத் தடவை எடுப்பான். எடுத்ததும் பேச மாட்டான். வைத்துவிடாதே.

உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

என்றும் அன்புடன்,
உன் நீரஜா