நைனா அணைத்த கற்பூரம்

என் உயிருக்கு உயிரான நைனாவுக்கு,

நீ செத்துப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடையில் அப்பன் நாற்காலியில் இப்போது மகன் நான்தான் உட்காருகிறேன். கயிறும் ஆணியும் வாங்கப் பக்கத்து வல்லத்திலிருந்து வருகிறவர்கள் இன்னும் உன்னைத்தான் கேட்கிறார்கள். ஹார்ட் அட்டாக் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்தான், கோபித்துக்கொள்ளாதே.

ஈரல் கெட்டுச் செத்தார் என்றால் செஞ்சிக் கடைவீதியில் அடுத்த கேள்வி என்ன வரும் என்று உனக்குத் தெரியாதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஊரை ஏன் சொல்ல வேண்டும், முதலில் கேட்டவனே நான்தானே. கண் மஞ்சளாகி, சோறு இறங்காமல், உடம்பெல்லாம் அரிக்குது என்று நீ சுருண்டு கிடந்தபோது, கற்பூரத்தைக் கொளுத்தி உன் முன்னால் வைத்தேன்.

"குடிச்சியா, இல்லியா? அணைச்சி சத்தியம் பண்ணு நைனா."

நீ திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "இன்னாடா ஏழுமல, நீயுமாடா?" என்றாய். அப்புறம் உள்ளங்கையால் அணைத்தாய். அதன் பிறகும் நான் உன் சட்டையை மோந்து பார்த்தேன்.

பாண்டிச்சேரி டாக்டர் எல்லா டெஸ்டும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். புதிதாக மாற்றிய சர்க்கரை மாத்திரை ஈரலைத் தாக்கிவிட்டதாம். ரொம்ப ரொம்ப அபூர்வமாக யாருக்காவது இப்படி ஆகுமாம். ஒரு வேளைகூட விடாமல் அதை உனக்கு எடுத்துக் கொடுத்தது யார்? கண் மஞ்சளான பிறகும் கொடுத்தது யார்?

இப்போது எனக்கும் சர்க்கரை, நைனா. எழுதித் தந்த மாத்திரை பத்து நாளாகப் பிரிக்காமல் கிடக்கிறது. விழுங்கினால் ஈரல் பயம், விழுங்காவிட்டால் பாதம் எரிகிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மாத்திரையைத் தொடாமலே, காலையில் எழுந்ததும் கண் மஞ்சளாகிவிட்டதா என்று கண்ணாடியில் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

"மாத்திரைய கையில வச்சினு இன்னா பண்ற? மாமாவுக்கு ஆனத டாக்டராண்ட சொல்லித் தொலையேன்!" என்று உன் மருமகள் கத்துகிறாள்.

எப்படிச் சொல்வேன்? "அப்பா எதனால் இறந்தார்?" என்று இங்கே டாக்டர் கேட்டபோதும் ஹார்ட் அட்டாக் என்றுதான் சொன்னேன். ஈரல் என்றால் "குடிப்பாரா?" என்று கேட்பாரே. ஊருக்குச் சொன்ன பொய்யில் நானே மாட்டிக்கொண்டேன்.

உன் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை அவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுவேன். ஈரல் டெஸ்ட் எடுப்பேன், அவர் எழுதித் தருவதை விழுங்குவேன். "குடிப்பாரா?" என்று கேட்டால், என் நைனா தொட்டதே இல்லை என்பேன். நம்பாவிட்டால், இந்த முறை கற்பூரத்தை நான் அணைக்கிறேன்.

அன்று உன்னை நம்பாமல் போன உன் மூத்த மகன்,
ஏழுமலை