ஏரிக்கரையில் ஒரு ஆள் குறைவு

கொடைக்கானல்,
6-9-2004

சாவியோ அப்பாவுக்கு,

குளிரில் விரல் மடங்காமல் அமலராணி எழுதுவது. தங்கை பிரின்சி வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். "மாமா எங்கக்கா?" என்றாள். விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் கிளம்பும் நேரத்தில், பீங்கான் பட்டறையிலிருந்து பச்சமுத்து ஓடிவந்து சூளையில் சூடு இறங்குது என்றதும், பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார் என்றேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இது மூன்றாவது தடவை.

நேற்று ஏரியைப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீரும் சத்தமில்லாமல் கிடக்கிறது. தனி ஆளுக்குப் படகு கிடையாதாம். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் ரிட்டையரான ஒருவரோடு ஏற்றிவிட்டார்கள். ஏரி முழுக்கத் தன் சர்க்கரை வியாதியைப் பற்றியே பேசினார்.

பிரின்சி வேலை பார்க்கும் ஸ்கூல் ஹாஸ்டலுக்கு வார்டன் தேடுகிறார்கள். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் மே மாதம்வரை மலையை விட்டு இறங்க மாட்டேன். இருபதாம் தேதிக்குள் நீங்கள் வந்தால் யோசிப்பேன்.

கோபத்தோடும் ஸ்வெட்டரோடும்,
அமலராணி

விருத்தாசலம்,
9-9-2004

அன்புள்ள ராணிக்கு,

காஸ்பர் எழுதுவது. சோறு குழைந்தது, ரசம் கருகியது. ரசம் கருகுமா என்று கேட்காதே, கருகியது. சாவியோவும் காலேஜ் ஹாஸ்டலில் இருப்பதால் நானே சாப்பிட்டேன்.

எங்கள் பட்டறை வழக்கம் உனக்குத் தெரியாதா? சூளைக்கு நெருப்பு வைத்த கைதான் நாலாம் நாள் அதன் வாயைத் திறக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அது என் கை. உள்ளே ஆயிரம் பீங்கான் பியூஸ் கட்டை வெந்துகொண்டிருக்கும்போது நான் படகில் உட்கார்ந்து வாத்தைப் பார்ப்பதா? அடுத்த சூளை 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை.

நீ நடக்கும் மலைப்பாதையில் வெள்ளை மண் தெரிந்தால் ஒரு பிடி எடு. நாக்கில் வைத்துப் பார், ஒட்டினால் நல்ல மண்.

காஸ்பர்

கொடைக்கானல்,
14-9-2004

சாவியோ அப்பாவுக்கு,

நேற்று மலைப்பாதையில் நாலு கிலோமீட்டர் நடந்தேன். ஒரு சரிவில் வெள்ளையாக மண் தெரிந்தது. எவ்வளவு கோபத்திலும் உங்கள் பேச்சைக் கேட்கும் புத்தி போகவில்லை, கிள்ளி நாக்கில் வைத்தேன். ஒட்டியது. பின்னால் வந்த புதுக் கல்யாண ஜோடி பார்த்துவிட்டது. அந்தப் பெண் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் கொடுத்து, "பசிச்சா கேக்கலாமில்ல ஆன்ட்டி" என்றாள். வாங்கிக்கொண்டேன், பசிக்கவும் செய்தது.

பாதை முடிகிற இடத்தில் அவர்களைப் போட்டோ எடுத்துக் கொடுத்தேன். காலுக்குக் கீழே மேகம் போய்க்கொண்டிருந்தது. "பாருங்களேன்" என்று திரும்பினேன், பக்கத்தில் நீங்கள் இல்லை. அழுதுவிட்டேன். அந்தச் சூளைமேல் எனக்குப் பொறாமை, சொல்ல வெட்கமில்லை.

மண்ணைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன். இனி எதுவும் கேட்காதீர்கள்.

அமலராணி

விருத்தாசலம்,
18-9-2004

ராணி,

மண் நல்ல மண். விஷயம் அது இல்லை.

நேற்று தீப்பந்தத்தைப் பச்சமுத்து கையில் கொடுத்துவிட்டேன். முதலாளி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஒடம்பு சுடுதாடா காஸ்பரு?" என்றார். பச்சமுத்து பந்தத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "நெசமாவா அண்ணே? போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். இது இனி அவன் சூளை. நான் ஆசைப்பட்டாலும் திறக்க முடியாது.

இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். மன்னிச்சுக்க என்று வாயால் சொல்ல எனக்கு வராது. ஏரிக்கரையில் இதை உன்னிடம் நீட்டிவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

காஸ்பர்

ஏரிக்கரை,
20-9-2004

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். எனக்கும் வாயால் சொல்ல வரவில்லை.

நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்து இன்று காலையிலேயே வார்டன் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாற்றவும் மனசில்லை, வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் மே மாதம்வரை மாதம் ஒரு சூளைக்குப் பச்சமுத்துதான் நெருப்பு வைக்க வேண்டும். நீங்கள் என்னைப் பார்க்க ரயில் ஏற வேண்டும்.

தண்ணீரைப் பார்த்து நீங்கள் அழுதது போதும். இங்கே வந்து பக்கத்தில் உட்காருங்கள்.

அமலராணி