இறுக்கிப் பின்னிய போர்வை

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உனக்கு ஒரு போர்வை பின்னுகிறேன்.
2. அது சரியாக வரவில்லை.
3. அம்மாவின் வலது கை இனித் தேறாது. நீ மனதைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவள் விரல்கள் மடங்கியே கிடப்பது உனக்குத் தெரியும். அவற்றுக்கு வேலை கொடுக்கத்தான் பயிற்சி தரும் பெண் கட்டைவிரல் பருமனில் கம்பளி நூல் கொண்டுவந்தாள். ஊசியே வேண்டாம், கண்ணிக்குள் இரண்டு விரலை விட்டு நூலை இழுத்தால் அடுத்த கண்ணி, அவ்வளவுதான் என்றாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நூல் வீணாகிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன். வரைபட அலுவலகத்திலேயே காலம் கழித்தவன் அல்லவா, ஒவ்வொரு கண்ணியையும் அளவுகோல் வைத்துப் பார்த்தேன், அவிழ்ந்துவிடுமோ என்று இழுத்து இறுக்கினேன். பிற்பகல் வெயில் திரைச்சீலையில் வடிந்து விழும், சாம்பல் நிற நூல் மடியில் மேகம்போல் ஏறும், எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோகும். ஆனால் விளிம்பெல்லாம் சுருண்டு போர்வை ஒரு பெரிய கிண்ணமாகிவிட்டது. உன் அத்தை பார்த்துவிட்டு, யானைக்குத் தொப்பியா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மேலே உள்ளதைக் காலையில் எழுதி வைத்துவிட்டு மறுபடி பின்ன உட்கார்ந்தேன். எதிரே அம்மா பொறுக்கமாட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். “எதுக்கு இப்படி கழுத்த நெரிக்கிறீங்க, கொஞ்சம் மூச்சு விடட்டுமே” என்று போர்வையைத் தன் மடிக்கு இழுத்து, இடது கையால் நூலின் நுனியைப் பிடித்து உருவினாள். கண்ணிகள் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, அலை பின்வாங்குவதுபோல் வரிசை வரிசையாகப் போயின. அத்தனை உழைப்பும் போகிறதே என்று வருந்தக்கூடத் தோன்றாமல், கனவில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நூல் சிக்கியது. விரலை உள்ளே விட்டு நெம்பி எடுத்தாள். வலது கை ஆள்காட்டி விரல். அவள் கவனிக்கவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று நானும் வாய் திறக்கவில்லை. இங்கேயும் இறுகியிருக்கிறதே என்று இன்னொரு வரிசையை மட்டும் காட்டினேன். உங்களுக்கு எதைத்தான் ஒழுங்காகச் செய்ய வரும் என்று அதையும் பிரித்தாள்.

ஆகவே போர்வை வரத் தாமதமாகும். அதுவரை கழுத்தை மூடாமல் வெளியே போகாதே. தொலைபேசியில் கையைப் பற்றி நீயாகக் கேட்க வேண்டாம், அவளே சொல்லட்டும். நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். மூன்றாவதாக எழுதியது தவறு.

உன் அப்பா