இருநூற்றுப் பதினான்கு முட்டைகள்

சென்னை
21-8-2005

அன்புள்ள மணிக்கு,

நலம். பன்னிரண்டு நிமிடம் முன்னால் பிறந்துவிட்டாய் என்பதற்காக உன்னை அக்கா என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. இரட்டைப் பிள்ளைகளில் அதெல்லாம் செல்லாது.

அம்மா சமைக்கப் போகும் ஆசிரமத்துப் பக்கத்து விடுதியில் ஜெர்மன்காரம்மா விட்டுப்போன, கையில் பிடித்து ஆடும் இரண்டு வீடியோ விளையாட்டுப் பெட்டிகளை வைத்துக்கொண்டு, திரையில் விலங்கு பிடித்து வளர்ப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தோமே. சுத்தக் கிணற்றுத் தவளைகள். இங்கே ஹாஸ்டலில் எட்டுப் பேர் அதே விளையாட்டை ஆடுகிறார்கள். நாம் முதலில் பிடித்து வளர்த்த கருப்பனை நேற்று மூன்றே அடியில் சாய்த்துவிட்டார்கள்.

காரணம் இதுதான். ஒவ்வொரு விலங்குக்கும் திரையில் காட்டாத எண்கள் உண்டு. பலம், வேகம், தாங்கும் சக்தி என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து முப்பத்தொன்றுக்குள் ஒரு பிறவி எண். அது கடைசிவரை மாறாது. அதன்மேல் பயிற்சிப் புள்ளி. வேகமான விலங்கைத் தோற்கடித்தால் வேகத்தில் ஏறும், முரட்டு விலங்கைத் தோற்கடித்தால் பலத்தில் ஏறும். மொத்தம் ஐந்நூற்றுப் பத்து. அதற்குமேல் ஒன்றும் ஏறாது.

நீ கருப்பனை மூன்று வருஷம் புல்வெளியில் எதிர்ப்பட்ட பூச்சி புழுவோடெல்லாம் சண்டைக்கு விட்டாய். அவனுடைய ஐந்நூற்றுப் பத்தும் வேண்டாத இடத்தில் போய் அடைந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. கணக்குப் போடும் முறையை இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன். போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது, அப்பா வேறு பக்கத்திலேயே நிற்கிறார்.

உன்
செழியன்


அடி அண்ணாமலை
11-9-2005

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது,

நீ ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் நான் அக்காதான்.

உன் கடிதம் படித்துவிட்டு அன்று முழுக்க பெட்டியைத் தொடவில்லை. அம்மா, "இன்னாடி, மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்று கேட்டாள். மூன்று வருஷம் ஆசையாக வளர்த்தது அத்தனையும் வீண் என்றால் எப்படி இருக்கும்? நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய்.

ஆனால் கணக்கு பிடித்திருக்கிறது. நிஜமாகவே பிடித்திருக்கிறது. அப்பா கடையின் பில் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் நிரப்பிவிட்டேன். உன் முறையில் ஓர் இடத்தில் வகுத்தபின் கூட்ட வேண்டும், நீ கூட்டியபின் வகுத்திருக்கிறாய். இன்ஜினியரிங் படிக்கிற லட்சணம் இதுதானா?

விளையாட்டிலேயே முட்டை வாங்கிப் புதிதாகக் குட்டி பொரிக்க ஆரம்பித்திருக்கிறேன். உனக்குத் தெரியுமா, முட்டையைக் கையில் வாங்கும் நொடியிலேயே எண்களெல்லாம் எழுதியாகிவிடுகின்றன. பொரிந்த குட்டியைச் சண்டைக்கு விடாமல் விளையாட்டில் இருக்கும் காப்பகத்தில் விட்டு வளர்த்தால் பயிற்சிப் புள்ளி கலக்காது, பிறவி எண் சுத்தமாகத் தெரியும். இதை நானே கண்டுபிடித்தேன். முட்டை பொரிய, திரைக்குள் நம் ஆள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பௌர்ணமியன்று கடை வாசலில் கூட்டம் மலையைச் சுற்றுகிறது, நான் கல்லாவில் உட்கார்ந்து கட்டைவிரலால் ஒரு குளத்தைச் சுற்றுகிறேன். யாருக்குப் புண்ணியம் ஜாஸ்தி என்று பார்ப்போம்.

எண்ணெய் தேய்த்துக் குளி. எலும்பும் தோலுமாக வந்து நிற்காதே.

அக்கா
மணிமொழி


சென்னை
18-12-2005

அன்புள்ள மணி,

நீ சொன்னது சரி. வகுத்தபின்தான் கூட்ட வேண்டும். அறையில் இருப்பவர்களிடம் காட்டினேன், எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மார்ச்சில் கல்லூரி விழாவில் போட்டி வைக்கிறார்கள். பத்துக் கல்லூரிகளிலிருந்து வருகிறார்கள். வேகத்தில் முப்பத்தொன்று உள்ள விலங்கு ஒன்று வேண்டும். வேகம் ஒரு புள்ளி கூடினால் போதும், அது முதலில் அடிக்கும். கிடைத்தால் உன் பெட்டியில் செருகும் கேசட்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு.

நீ ஏன் பொங்கலுக்கு என்ன வேண்டும் என்று எழுதவே இல்லை?

செழியன்


அடி அண்ணாமலை
5-2-2006

அன்புள்ள தம்பிக்கு,

கிடைத்துவிட்டான். இருநூற்றுப் பதினான்காவது முட்டை. வேகம் முப்பத்தொன்று. மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுப்பன் என்று பெயர் வைத்திருக்கிறேன். பயிற்சிப் புள்ளி ஒன்றுகூடச் சிந்தாமல் வளர்த்தாகிவிட்டது. கேசட் இத்துடன் வருகிறது.

இன்னொரு சேதி. கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெயர் புகழேந்தி, உரக்கடை வைத்திருக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பா, "பொண்ணுக்கு இதுக்குமேல இன்னா வோணும்?" என்கிறார்.

எனக்கு இங்கேயே கலைக் கல்லூரியில் கணக்குப் படிக்க ஆசையாக இருக்கிறது. இந்த முட்டைக் கணக்கு போட்டதிலிருந்துதான். ஆனால் பயமாகவும் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு ரேங்க் லிஸ்ட் வந்த அன்று நீயும் அப்பாவும் பிரௌசிங் சென்டருக்குள் போனீர்கள், நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். நீ வந்து என் எண் லிஸ்டில் இல்லை என்றாய். பள்ளிக்கூடத்தில் உன்னைவிட அதிக மார்க் எடுத்தவள்தான் நான். ஆனாலும் அன்றைக்கு ஒன்று புரிந்தது. கருப்பனுக்காவது பயிற்சிதான் தப்பாகப் போனது, எனக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் பிறவி எண்ணே போதவில்லை.

நீ எண் தெரிந்தவன். உண்மையைச் சொல். எனக்குப் படிப்பு வருமா? வரும் என்று ஒரு வரி எழுதினால் அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மாசி முடிவதற்குள் உறுதி பண்ண வேண்டும் என்கிறார்கள். சீக்கிரம் எழுது.

அக்கா
மணிமொழி


சென்னை
19-3-2006

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. எட்டு முறை பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன்.

போட்டியில் ஜெயித்தேன். கடைசி ஆட்டத்தில் எதிராளியின் விலங்கைவிடச் சுப்பனுக்கு ஒரே ஒரு புள்ளி வேகம் கூட. அதனால் முதலில் அடித்தான். யார் வளர்த்தது என்று கேட்டார்கள். என் அக்கா என்றேன். அவர் எங்கே படிக்கிறார் என்று கேட்டார்கள். கோப்பையை அங்கேயே ஒருவனிடம் கொடுத்துவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

அக்கா, உன் எண் லிஸ்டில் இருந்தது. எனக்கு எண்ணூறு இடம் முன்னால் இருந்தது. அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "ரெண்டு பேரையும் அனுப்ப என்னால ஆவாதுடா. அவ பேரு இல்லனு சொல்லிடு. பொண்ணு, ரெண்டு நாள் அழுதுட்டு மறந்துடும்" என்றார். நான் வெளியே வந்து சொன்னேன். உனக்கு வந்த கவுன்சிலிங் அழைப்பை அப்பா தபால்காரரிடமே வாங்கிக்கொண்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

அப்பா சொன்னதால் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ போனால் நான் போக முடியாது என்று பயந்தேன்.

உனக்குப் படிப்பு வரும். என்னைவிட வரும். மாசி முடிந்துவிட்டது என்று தெரியும், இருந்தாலும் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளாதே. நான் வந்து அப்பாவிடம் பேசுகிறேன். என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, பதில் மட்டும் எழுது.

உன் தம்பி
செழியன்


அடி அண்ணாமலை
2-4-2006

செழியனுக்கு,

உன் கடிதம் பங்குனி பத்தாம் தேதி வந்தது. மாசி இருபத்தாறாம் தேதி உறுதி பண்ணிவிட்டார்கள். உன் பதில் வரும் என்று தபால்காரரை வாசலிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதம் வரவில்லை என்றதும், எனக்குப் படிப்பு வராது என்று சொல்ல உனக்கு மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் கேட்டேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஆனது ஆயிப்போச்சும்மா" என்றார். அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும் போலிருக்கிறது. சமைக்கப் போகாமல் இரண்டு நாள் படுத்துக்கிடந்தாள். நீ வந்து பேச ஒன்றுமில்லை.

கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

வைகாசி ஏழாம் தேதி முகூர்த்தம். நமக்குள் நடந்தது ஊருக்குத் தெரிய வேண்டாம், வந்து போ. மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் மட்டும் நீ போட வேண்டாம். சித்தப்பா மகன் கண்ணாயிரம் போடட்டும். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

என் விளையாட்டுப் பெட்டியைத் துணியில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். கேசட்டும் சுப்பனும் உன்னிடமே இருக்கட்டும். எனக்கு இனிமேல் கடிதம் எழுதாதே. இரவும் பகலும் ஒன்றையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருநூற்றுப் பதினான்கு முட்டைக்கும் எண்ணை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் எண்ணை மட்டும் நீ பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மணிமொழி