முதல் சுற்று பார்ப்பதற்கு

இன்று காலை பல்லரோ சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது ஒரு பழைய மூன்று சக்கர வண்டி பூக்கோவா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு என்னை உரசியபடி போனது. போகிற போக்கில் நீலப் புகையை முகத்தில் ஊதிவிட்டுப் போனது. பெற்றோலும் எரிந்த எண்ணெயும் கலந்த புகை. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து மணந்தேன். கடைக்காரப் பொடியன் பயந்துபோனான்.

"என்ன அன்ரி, தலை சுத்துதோ?"

"இல்லையடா தம்பி. ஒரு ஆளை நினைச்சனான்."

அந்த மணத்தோடுதான், சிநேகிதி, நீ ஆகாசத்திலிருந்து இறங்கி வருவாய். இந்தச் சந்தைக்குப் பின்னால் நாம் சேர்ந்திருந்த அறையில் உன் ஜாக்கெற்றை யன்னலில் கொழுவுவாய். இரவு முழுக்க அது மணக்கும். தேங்காயெண்ணெய் பூசிய தலையிலும் அதே மணம். "உன்ர மனுசன் வந்து மணந்து பாத்தாரெண்டால் அடுத்த பிளேனிலை திரும்பிப் போயிடுவார்" என்று நான் சொல்ல, நீ கட்டிலில் விழுந்து சிரிப்பாய். மனுசனும் பிள்ளையும் மன்னாரில் விசாவுக்குக் காத்திருந்த காலம் அது. சிரிப்பு நமக்கு மலிவாகக் கிடைத்த காலமல்ல, ஆனாலும் நீ எங்கிருந்தோ கொண்டுவந்துவிடுவாய்.

நீ மொண்டெல்லோக் கடற்கரையில், சிஞ்ஞோர் என்று நீ கூப்பிடும் வெள்ளைக்கார முதலாளியின் படக்கடையைக் கூட்டித் துடைக்கப் போனவள். ட்ரோன் என்ற பேரே யாரும் கேள்விப்படாத நாட்கள். ஹோட்டல்காரருக்கும் பெரிய வீட்டுக்காரருக்கும் மேலிருந்து எடுத்த படம் வேண்டுமென்றால் ஒரு மனிதர் மேலே போயே ஆகவேண்டும். அதற்கென்று சிஞ்ஞோர் ஒரு சாமான் வைத்திருந்தார். விமானம் என்று அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை. அலுமினியக் குழாய், துணி இறக்கை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, முதுகுக்குப் பின்னால் இயந்திரமும் விசிறியும். கதவு கிடையாது. இடுப்பில் ஒரு பட்டி, அவ்வளவுதான். அவரிடம் முதலில் படம் பிடித்தவர் நல்ல தடித்த மனிதர். ஒருநாள் பாரம் தாங்காமல் அந்தச் சாமான் எழும்ப மாட்டேன் என்று வயலின் முடிவில் வேலிக்குள் போய்ப் புகுந்தது. மனிதருக்குக் கால் முறிந்தது. அதற்குப் பிறகுதான் சிஞ்ஞோரின் கண் உன்மேல் விழுந்தது. எவ்வளவு சோறு தின்றாலும் ஒட்டாத உடம்பு உனக்கு. அதோடு, மன்னாரில் உன் அண்ணனின் ஸ்ரூடியோவில் பிலிம் மாற்றி, படம் கழுவி வளர்ந்தவள் நீ. அவருக்கு வேறென்ன வேண்டும்?

அவருடைய சுவரில் ஒரு படம் தொங்கியதாகச் சொல்லியிருக்கிறாய். அவருடைய பெரியப்பாவோ யாரோ, அந்த நாளைய திறந்த விமானத்தில் எழுந்து நின்று, பெட்டி போன்ற கமராவை இரண்டு கையாலும் வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறார். படம் பிடிக்க இரண்டு கை வேண்டும், ஆகவே தன்னைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. அப்படிப் போனவர்களில் எத்தனையோ பேர் விழுந்து செத்தார்கள் என்று சிஞ்ஞோர் சிரித்துக்கொண்டே சொல்வாராம். நீயும் சிரித்துக்கொண்டே வந்து எனக்குச் சொன்னாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடி, உனக்கென்ன விசரே? அங்கை பிள்ளை உன்னைப் பாத்துக்கொண்டு கிடக்குது, நீ இஞ்சை ஆகாசத்திலை தொங்கப் போறியோ?"

"தொங்கேல்லை. கதிரையிலை இருந்துதான் போறது."

"பகிடி விடாதை. என்னத்துக்குப் போறாய்?"

நீ எழும்பிப் போய் யன்னலைத் திறந்தாய். பிறகு, "ஒருக்கா மேல நிண்டு பாக்கோணும்" என்றாய்.

"என்னத்தை?"

"கீழ நிண்ட எங்களை."

விமானச் சத்தம் கேட்டால் முகங்குப்புற விழுந்து படுக்கத் தெரிந்த ஊரில் பிறந்தவர்கள் நாம். என் தம்பி போனதும் அப்படி ஒரு நாளில்தான். கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட வளவில் சனமெல்லாம் ஒதுங்கியிருந்தோம். விமானம் வந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு குண்டு போட்டது. நான் மதிலோரம் கிடந்ததால் தப்பினேன். தம்பி தப்பவில்லை.

அம்மா அந்த விமானியை ஒருநாளும் திட்டியதில்லை. "மேல இருந்து பாத்தா நாங்கள் எறும்புதானே. அவனுக்கு என்ன தெரியும், பாவம்" என்பார். சொன்னதோடு விடவில்லை. ஒவ்வொரு மாலையும் செபமாலை முடிந்தபிறகு, தெரியாமல் போட்ட அந்தப் பிள்ளைக்காக என்று ஒரு அருள்நிறை மரியே செபம் தனியாகச் சொல்வார். அவனையும் பிள்ளை என்றுதான் சொல்வார். அந்த ஒரு செபத்தில்தான் அம்மா உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தெரியாது என்றால், தம்பிக்கு நடந்தது இடி விழுந்ததைப்போல ஒன்று. தெரியும் என்றால் நான் எப்படித் தூங்குவது?

நீ போகத் தொடங்கினாய். ஒவ்வொரு தடவையும் உன் பின்னலைச் சுருட்டி, தொப்பிக்குள் அடக்கி, மேலே துணி சுற்றிக் கட்டியது நான்தான். முதுகுக்குப் பின்னால் விசிறி. ஒரு பின்னூசி கழன்றாலும் நேரே அதற்குள்தான் போகும், ஊசி பட்டால் மரவிசிறி தெறிக்கும் என்று நீயே சொல்லியிருந்தாய். பெல்லெக்ரினோ மலைப்பக்கம் போனால் காற்று கையால் பிடித்து அமத்துகிற மாதிரி இருக்குமாம். பிலிம் மாற்றும்போது இரண்டு கையையும் விட்டுவிட வேண்டுமாம். எல்லாவற்றையும்விட ஆபத்து, நல்ல படத்துக்காக அந்தச் சாமானைச் சரித்து, வேகத்தைக் குறைப்பது. கூடக் குறைந்தால் கல்லாக விழும். "அதாலைதான் சிஞ்ஞோர் முதல் சுத்து சும்மா சுத்துவார். எங்கை மரம், எங்கை கம்பி, ஆர் நிக்கிறது எல்லாம் பாப்பார். ரெண்டாஞ் சுத்திலைதான் சரிப்பார், நான் எடுப்பன்" என்று சோறு குழைத்துக்கொண்டே விளக்கினாய். நான் பாதி கேட்டேன், பாதி கேட்கவில்லை.

அந்த நாளைக் காது முழுதாக ஞாபகம் வைத்திருக்கிறது. மொண்டெல்லோவில் நான் வீட்டுவேலை செய்த சிஞ்ஞோராவின் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் உன் சாமானின் இரைச்சல் ஒரு சுற்றுப் போனது. இரண்டாவது சுற்றில் சடாரென்று ஒரு சத்தம், பிறகு இரைச்சல் நின்றுவிட்டது. ஒன்றுமே இல்லை. அந்த அமைதியில் நீங்கள் இரண்டு பேரும் கூரைகளுக்கு அப்பால் சரிந்து போவதைப் பார்த்தேன். துணியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். யாரிடம் கேட்பது? என்ன சொல்லிக் கேட்பது? மாதாவே, அந்தப் பிள்ளைக்குத் தாயை விட்டுவை என்று தெருவில் நின்று அழுதேன். சிஞ்ஞோரா வந்து என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

பின்னேரம் நீ பஸ்ஸில் வந்து இறங்கினாய். முழங்கால் வீங்கியிருந்தது, வாய் வழக்கம்போல. எனக்கும் சொல்லாமல் ஜாக்கெற் தோளில் மடு மாதாவின் பதக்கத்தைக் குத்திக்கொண்டு போயிருக்கிறாய். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய் விசிறிக்குள் போட்டது. விசிறியில் ஒரு துண்டு பறந்துபோய், எல்லாம் நடுங்கத் தொடங்க, சிஞ்ஞோர் இயந்திரத்தை நிறுத்தி, சறுக்கிச் சறுக்கி ஒரு வயலில் கொண்டுபோய்ப் போட்டார்.

"காப்பாத்தத்தானே கொண்டு போனனான். மாதா பதக்கம் நேரே விசிறிக்குள்ளை போயிட்டுதடி!"

நான் அடித்தேன். உண்மையாகவே முதுகில் இரண்டு போட்டேன். பிறகு கட்டிப்பிடித்து அழுதேன். நீ சிரிப்பை நிறுத்தினாய்.

"உன்னைக் கண்டனான்" என்றாய். "முதல் சுத்திலை. நீலச் சீலை காயப்போட்டனி. வாயிலை கிளிப்பைக் கடிச்சுக்கொண்டு நிண்டனி. கையை நெத்தியிலை வைச்சு நிமிந்து பாத்தாய்."

எல்லாம் சரி. சீலை, கிளிப், கை எல்லாம் சரி. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். நீ எதற்காக மேலே போனாய் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"அது வேற" என்றேன். "அண்டைக்கு ஊரிலை வந்தது கெதியாப் போற பிளேன். உயரத்திலை போறது. உன்ரை தும்பி."

"ஓம். போற போக்கிலை போட்டிருந்தால் அவனுக்குத் தெரிஞ்சிராது."

"பிறகென்ன?"

"ஒரு சுத்துச் சுத்தினது எண்டு நீதானே சொன்னனி? முதல் சுத்து பாக்கத்தானடி சுத்துறது."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. உன்னோடு கதைக்கவும் இல்லை. உனக்கென்ன தெரியும், இரண்டு தரம் மேலே போனவுடன் எல்லாம் தெரிந்த ஆள் ஆகிவிட்டாயோ என்று மனதுக்குள் உன்னைப் பிய்த்தெடுத்தேன். நீ என் தட்டை மூடிவைத்தாய். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தொலைபேசியில் கதைத்தேன். உன்னுடைய பறப்பைப் பற்றிச் சொன்னதும் அம்மா ஆவலோடு கேட்டார்: "மேல இருந்து பாக்க எப்பிடியாம் பிள்ளை? எறும்பு மாதிரித்தானே?"

"ஓம் அம்மா" என்றேன். "எறும்பு மாதிரித்தானாம்."

பக்கத்தில் நின்ற நீ கேட்டுக்கொண்டிருந்தாய், ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக உனக்கு நான் நன்றி சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அம்மா கடைசிவரை அந்தப் பிள்ளைக்காகச் செபம் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

உன் மகள் வந்து சேர்ந்ததும் நீ பறப்பதை விட்டாய். சிஞ்ஞோரும் அந்தச் சாமானை யாருக்கோ தள்ளிவிட்டார். அம்மா போனபிறகு ஒருநாள் மொண்டெல்லோவிலிருந்து திரும்புகிற பஸ்ஸில், கடல் மண் ஒட்டிய சனத்துக்குள் நசிந்துகொண்டு நின்றபோது, அம்மாவின் செபத்தை இனி யார் சொல்வது என்று நீ கேட்டாய். தெரிந்து போட்டவனுக்கு என்ன செபம் என்று சீறினேன். நீ கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாய்:

"தெரியாமப் போட்டவனுக்குச் செபம் என்னத்துக்கு? தெரிஞ்சு போட்டவனுக்குத்தானே வேணும்."

உனக்கு எல்லாம் சுகமாக வரும். சொல்லிவிட்டு அடுத்த தரிப்பில் இறங்கிப் போய்விட்டாய். பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டுமாம்.

போன மாசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ இன்னும் சிறுத்துக் கிடந்தாய். இப்போதென்றால் அந்தச் சாமான் உன்னைப்போல இரண்டு பேரைத் தூக்கும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய்.

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததிலிருந்து ஒவ்வொரு மாலையும் செபமாலைக்குப் பிறகு தம்பிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று சொல்கிறேன். பிறகு எழும்ப முடிவதில்லை. இன்னும் ஒருவன் பாக்கியாக இருக்கிறான். அவன் பேரும் தெரியாது, முகமும் தெரியாது. ஆனால் என் தம்பியின் முகத்தை அவன் பார்த்தான். சில நாள் செபமாலையை அப்படியே பெட்டிக்குள் போட்டுவிடுவேன். சில நாள் தொடங்குவேன். நேற்று அவனுக்கான அருள்நிறை மரியேயில் பாதிவரைக்கும் வந்தேன். 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' என்ற இடத்தில் அவனையும் எங்களோடு சேர்க்கவேண்டியிருந்தது. அங்கே நின்றுவிட்டேன்.